சாப்பிடும் முன் ஒன்று, சாப்பிட்ட பின் ஒன்று: சுகர் பார்த்து உணவைத் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

சர்க்கரை நோய் இருப்பது தெரிந்ததும் இரண்டு பொருள்கள் கைக்கு வந்துவிடும். ஒன்று, ரத்தச் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டர். இன்னொன்று எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்ற பட்டியல். பட்டியலை ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுகிறோம். மீட்டருக்கோ காலையில் ஒரு குத்து, எண்ணைப் பார்த்து ஒரு பெருமூச்சு, அதோடு அன்றைய வேலை முடிந்தது. வெறும் வயிற்று எண் மருத்துவருக்கு உதவும்தான். ஆனால் நேற்று மதியம் சாப்பிட்டதில் எது உங்களுக்கு ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அது சொல்லாது. அது தெரிய வேண்டுமென்றால் சாப்பிடும் முன் ஒரு முறையும் சாப்பிட்ட பின் ஒரு முறையும் பார்க்க வேண்டும். இந்த ஜோடிப் பரிசோதனையை எப்படிச் செய்வது, வந்த எண்ணை வைத்துத் தட்டில் எதை மாற்றுவது என்று பார்ப்போம்.

முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டியது

என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு, சாப்பாட்டில் மாவுச்சத்தைக் குறைத்தாலும் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் அப்படி இல்லை. மருந்து பழைய அளவிலேயே இருக்க, சாப்பாடு மட்டும் பாதியானால் லோ சுகர் வந்துவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் வேறொரு சிக்கல் உண்டு: மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால், மீட்டரில் எண் அவ்வளவு ஏறாமலேயே கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்குச் சேர வாய்ப்பிருக்கிறது. எனவே உணவில் பெரிய மாற்றம் செய்யப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்படியே உங்களுக்கான இலக்கு எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்வது இது: சாப்பிடும் முன் 80 முதல் 130 வரை, சாப்பிட ஆரம்பித்து ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் 180-க்குள். கர்ப்ப காலத்தில் இது இன்னும் இறுக்கமானது: வெறும் வயிற்றில் 95-க்குள், ஒரு மணி நேரத்தில் 140-க்குள், இரண்டு மணி நேரத்தில் 120-க்குள். வயதானவர்களுக்கும், அடிக்கடி லோ சுகர் வருபவர்களுக்கும் மருத்துவர்கள் கொஞ்சம் தளர்த்தியே இலக்கு வைப்பார்கள். இந்த எண்களெல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. சில நாடுகளில் மீட்டர் மில்லிமோல் என்ற வேறு அலகில் காட்டும். திரையில் 7.8 என்று வந்தால் பதற வேண்டாம், 18-ஆல் பெருக்குங்கள்: 140.

குத்துவது எப்படி

சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். இது வெறும் சுத்தத்துக்காகச் சொல்வது அல்ல. பழம் உரித்த கையோடு குத்தினால் விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பு ரத்தத் துளியில் கலந்து எண்ணை எக்கச்சக்கமாக ஏற்றிக் காட்டும். மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் உறிஞ்சுவது ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான ரத்தம்தான். அதில் துளி இனிப்பு கலந்தாலும் போதும். ஈரக் கை இன்னொரு பக்கம் கெடுக்கும், ரத்தம் நீர்த்துப்போகும். கிருமிநாசினி தடவினால் அது முழுக்கக் காய்ந்த பிறகுதான் குத்த வேண்டும்.

விரல் நுனியின் நடுவில் குத்தாதீர்கள். நுனியின் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. கையைச் சிறிது நேரம் தொங்கவிட்டு, உள்ளங்கைப் பக்கமிருந்து விரல் நுனி நோக்கி மெதுவாக நீவிவிட்டால் தேவையான அளவு ரத்தம் வந்துவிடும். நுனியையே பிடித்துப் பிதுக்கினால் திசுநீரும் சேர்ந்து வந்து கணக்கைக் குழப்பும். ஸ்ட்ரிப்பின் ஓரத்தைத் துளியில் தொட்டால் போதும், ரத்தத்தை அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். விரலைக் குத்தும் ஊசியான லான்செட்டை வேறு யாருடனும் பகிராதீர்கள், வீட்டில் இருப்பவராக இருந்தாலும் சரி. ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று இந்த வழியில் பரவும். பயன்படுத்தியதைக் கெட்டியான டப்பாவில் போட்டு மூடிவையுங்கள்.

ஸ்ட்ரிப் டப்பாவை ஒன்றை எடுத்த கையோடு மூடிவிடுங்கள். ஸ்ட்ரிப்பில் இருக்கும் நொதிதான் ரத்தச் சர்க்கரையோடு வினை புரிந்து, மீட்டர் அளக்கும் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. காற்றின் ஈரமும் வெயிலும் பட்டால் அது கெட்டுவிடும். காலாவதித் தேதியைப் பார்ப்பதும் அதனால்தான்.

மீட்டர் எவ்வளவு துல்லியம்? நல்ல மீட்டருக்கான உலகத்தர அளவுகோல், எண் 100-க்கு மேலே இருக்கும்போது ஆய்வகக் கணக்கிலிருந்து 15 சதவீதம் வரை விலகுவதை அனுமதிக்கிறது. அதாவது திரையில் 140 என்று தெரிந்தால் உண்மையான அளவு 120-இலிருந்து 160 வரை எங்கேயும் இருக்கலாம். நேற்று 152, இன்று 145 என்றால் ஏழு குறைந்துவிட்டது என்று கொண்டாட ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே எண்தான். இதைப் புரிந்துகொண்டாலே பாதிக் கவலை போய்விடும். உங்கள் உடல்நிலைக்குப் பொருந்தாத எண் வந்தால் கையைக் கழுவி இன்னொரு முறை பாருங்கள்.

எப்போது பார்ப்பது

முதல் வாய் எடுத்து வைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு அங்கிருந்துதான், சாப்பிட்டு எழுந்த நேரத்திலிருந்து அல்ல. பேசிக்கொண்டே முக்கால் மணி நேரம் சாப்பிடுபவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

மாவுச்சத்துள்ள சாப்பாட்டில் சர்க்கரை பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்க ஆரம்பிக்கும். ஒரு மணி நேரத்தில் பார்த்தால் எவ்வளவு உயரம் ஏறியது என்பது தெரியும். இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் உடல் அதைச் சமாளித்துவிட்டதா என்பது தெரியும். புதிதாகத் தொடங்குபவர் இரண்டு மணி நேரத்தையே வைத்துக்கொள்வது நல்லது என்பேன். எதைத் தேர்ந்தாலும் அதை மாற்றாமல் இருங்கள். ஒரு நாள் ஒன்றேகால் மணி, மறுநாள் இரண்டரை மணி என்றால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. இடையில் வாயில் எதையும் போடக்கூடாது, சர்க்கரை போட்ட காபி உட்பட.

முன்னால் பார்க்கும் எண்ணைத் தவறவிடாதீர்கள். சாப்பிட்ட பின் 168 என்று வைத்துக்கொள்வோம். சாப்பிடும் முன் 110 இருந்திருந்தால் ஏற்றம் 58. சாப்பாட்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். முன்னால் 160 இருந்திருந்தால் ஏற்றம் வெறும் 8. அந்தச் சாப்பாட்டின் மேல் குற்றமே இல்லை, சுகர் ஏற்கெனவே உயரத்தில் இருந்திருக்கிறது. அதற்குக் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். பின் எண்ணை மட்டும் பார்த்து நல்ல உணவைத் தூக்கி எறிபவர்கள் நிறையப் பேர்.

இரண்டு மணி நேரத்தில் 30 முதல் 50 வரை ஏறினால் பரவாயில்லை என்பது நடைமுறையில் பலர் பின்பற்றும் கணக்கு. ஏற்றமும் அதற்குள் இருந்து, பின் எண்ணும் உங்கள் இலக்குக்குள் இருந்தால் அந்தச் சாப்பாட்டை நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கேள்வி, ஒரு மாற்றம்

மூன்று வேளையையும் ஒன்றாக ஆராயக் கிளம்பாதீர்கள். நீங்கள் அடிக்கடி சாப்பிடும் ஒரு வேளையை எடுங்கள். காலைச் சாப்பாட்டில் தொடங்கலாம். பலருக்குக் காலை நேரத்தில் இன்சுலின் மந்தமாக வேலை செய்வதால் அப்போதுதான் ஏற்றம் அதிகம். மதியச் சோறுதான் சந்தேகம் என்றால் அதிலேயே தொடங்குங்கள். அதே சாப்பாட்டை, அதே அளவில், இரண்டு நாளாவது பார்த்த பிறகே எதையும் மாற்ற வேண்டும். மாற்றும்போது ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

நோட்டில் எழுதுவது இப்படி இருக்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான்:

திங்கள் மதியம்: முன் 118. இரண்டு கப் சோறு, பருப்பு, காய் அரை கப். பின் 204. ஏற்றம் 86.
புதன் மதியம்: முன் 121. அதே சாப்பாடு. பின் 198. ஏற்றம் 77.
வெள்ளி மதியம்: முன் 115. ஒரு கப் சோறு, பருப்பும் காயும் அதே அளவு. பின் 163. ஏற்றம் 48.
ஞாயிறு மதியம்: முன் 124. வெள்ளியன்று போலவே. பின் 169. ஏற்றம் 45.

திங்களும் புதனும் ஏறக்குறைய ஒரே கதை என்பதால் அந்த எண்ணை நம்பலாம். வெள்ளியும் ஞாயிறும் அதே போல ஒத்துப்போகின்றன. ஆக, இவருக்குச் சோறு எதிரி அல்ல, இரண்டாவது கப்தான் அதிகம். ‘சோற்றையே விட்டுவிடுங்கள்’ என்று யாரோ சொல்லி, கொஞ்ச நாள் கஷ்டப்பட்டு விட்டு, பிறகு வெறுத்துப்போய்ப் பழைய அளவுக்கே திரும்புவதைவிட இது எவ்வளவோ மேல். கரண்டிக் கணக்கு வேண்டாம். ஒரே கப்பை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கரண்டி ஆளுக்கு ஆள் மாறும், பசிக்கு ஏற்பவும் மாறும்.

எதை முதலில் மாற்றிப் பார்ப்பது? என் வரிசையில் அளவுதான் முதல். சோறோ, ரொட்டியோ, உருளைக்கிழங்கோ, இருப்பதில் மூன்றில் ஒரு பங்கையாவது குறைத்துப் பாருங்கள். பசிக்கும் என்றால் அந்த இடத்தில் காய், பருப்பு, முட்டை, மீன், தயிர் இவற்றில் ஒன்றைக் கூட்டுங்கள். அடுத்து வரிசை. ஒரே தட்டில் உள்ள அதே சாப்பாட்டில் காயையும் புரதத்தையும் முதலில் தின்றுவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால் ஏற்றம் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதற்குச் செலவும் இல்லை, தியாகமும் இல்லை. மூன்றாவது நடை: சாப்பிட்ட பின் 10, 15 நிமிடம் நடந்தால் தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். நடந்த நாளையும் நடக்காத நாளையும் ஒப்பிட்டு ஒரு ஜோடி எடுத்துப் பாருங்கள்; ‘தினமும் நடங்க’ என்று பத்துப் பேர் சொல்வதைவிட அந்த இரண்டு எண்கள் வேகமாக வேலை செய்யும்.

பொருளை மாற்றுவதை நான்காவதாக வைக்கிறேன். காரணம், ஏமாற்றம் அங்கேதான் அதிகம். ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதிய பிஸ்கட்டில் சர்க்கரை இல்லாமல் இருக்கலாம், மாவு இருக்கிறதே. வெள்ளை ரொட்டிக்குப் பதில் பழுப்பு நிற ரொட்டி வாங்கி, ஏற்றம் அப்படியே நிற்பதைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. பழுப்பு நிறமெல்லாம் முழுத் தானியம் ஆகிவிடாது. நொடியில் வேகும் ஓட்ஸ், கனமான ஓட்ஸைவிட வேகமாகச் சர்க்கரையாக மாறும். பழத்தைக் கடித்துத் தின்பதும் சாறு பிழிந்து குடிப்பதும் ஒன்றல்ல. எதையும் மீட்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

உணவுகளை அவை சர்க்கரையை ஏற்றும் வேகத்தை வைத்து வரிசைப்படுத்தும் கிளைசெமிக் குறியீட்டை டொரன்டோவில் டேவிட் ஜென்கின்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1981-இல் வெளியிட்டார்கள். பயனுள்ளதுதான், ஆனால் அது பலருடைய சராசரி. 2015-இல் இஸ்ரேலின் வைஸ்மான் அறிவியல் கழகத்தில் 800 பேரை ஒரு வாரம் தொடர்ந்து கண்காணித்தபோது, ஒரே உணவு ஒருவருக்குச் சர்க்கரையை வெகுவாக ஏற்றியது, இன்னொருவருக்கு அவ்வளவாக ஏற்றவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு வாழைப்பழம் ஒத்துக்கொள்கிறது என்பதால் உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று இல்லை.

வீட்டு மீட்டரை உணவுக்கு வழிகாட்டியாக்கிய முன்னோடி ஒரு இன்ஜினீயர். அமெரிக்காவின் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீனுக்கு 12 வயதிலேயே முதல் வகை நீரிழிவு, அதாவது உடலில் இன்சுலின் சுரப்பு நின்றுபோகும் வகை. 1970 வாக்கில் மீட்டர் ஒரு கிலோவுக்கு மேல் எடை கொண்ட பெட்டி. மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும்தான் விற்பார்கள். மனைவி மருத்துவர் என்பதால் அவர் பெயரில் ஒன்றை வாங்கி, ஒரு நாளைக்குப் பல முறை தன் விரலையே குத்திப் பார்த்து, சாப்பாட்டையும் இன்சுலினையும் அதற்கேற்ப மாற்றினார். மருத்துவ உலகம் காது கொடுக்காததால் நாற்பது வயதைக் கடந்த பிறகு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரே ஆகிவிட்டார். அவர் சொன்ன கடுமையான உணவு முறை எல்லோருக்கும் ஏற்றதா என்பது வேறு விவாதம். ஆனால் குத்திப் பார், மாற்று, மறுபடி குத்திப் பார் என்ற அந்த முறைதான் இன்று நம் கையில் இருக்கிறது.

எண் ஏமாற்றும் இடங்கள்

கொழுப்பு நிறைந்த சாப்பாடு வயிற்றிலிருந்து மெதுவாகத்தான் நகரும். எண்ணெயும் சீஸும் வழியும் விருந்துக்குப் பிறகு இரண்டு மணி நேரத்தில் 145 என்று பார்த்து மகிழ்ந்துவிட்டுத் தூங்கப் போனால், நாலைந்து மணி நேரம் கழித்து அது 210-இல் நிற்கும். இந்த மாதிரிச் சாப்பாட்டை ஒரு முறையாவது நான்கு மணி நேரத்திலும் பாருங்கள். இன்னொன்று: மீட்டர் சர்க்கரையை மட்டுமே பார்க்கும். வெறும் பொரித்த இறைச்சியை உண்டால் எண் ஏறாது. அதற்காக அது நல்ல உணவு ஆகிவிடுமா? கொலஸ்ட்ராலும் ரத்த அழுத்தமும் சிறுநீரகமும் அந்தத் திரையில் தெரிவதில்லை. மது குடித்த பிறகு எண் குறைவாக இருந்தாலும் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மதுவைக் கரைக்கும் வேலையில் கல்லீரல் சர்க்கரை வெளியிடுவதைக் குறைத்துக்கொள்கிறது. இன்சுலின் போடுபவருக்கு அது நடு இரவில் ஆபத்து.

காலை வெறும் வயிற்று எண்ணை வைத்து இரவுச் சாப்பாட்டைத் திட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. விடியற்காலையில் கார்டிசோல், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை சுரக்க, கல்லீரல் சர்க்கரையை வெளியே விடும். நீங்கள் எதுவும் சாப்பிடாமலேயே எண் ஏறும். சந்தேகமிருந்தால் படுக்கப் போகும்போது ஒன்று, எழுந்ததும் ஒன்று என்று ஜோடி எடுங்கள். இரவு 128, காலை 151 என்றால் இரவுச் சாப்பாட்டின் மேல் பழி போட முடியாது. அதைக் கவனிக்க வேண்டியவர் உங்கள் மருத்துவர்.

காய்ச்சல், தூக்கமின்மை, மன உளைச்சல், ஸ்டீராய்டு மருந்து, மறந்துபோன மாத்திரை எல்லாமே எண்ணை மாற்றும். அப்படிப்பட்ட நாளில் எடுத்த ஜோடியை வைத்து உணவைப் பற்றித் தீர்ப்பு எழுதாதீர்கள். நோட்டின் ஓரத்தில் காரணத்தைக் குறித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

எத்தனை முறை?

இன்சுலின் போடுபவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் சொன்ன எண்ணிக்கையைக் குறைக்கக்கூடாது. மற்றவர்களுக்கு வாரத்தில் மூன்று நான்கு ஜோடி போதும். ஒரு கேள்விக்கு விடை கிடைத்ததும் கொஞ்ச நாள் விரலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். எண்ணைப் பார்த்தும் எதையும் மாற்றப் போவதில்லை என்றால் அந்த ஸ்ட்ரிப் வீண்.

கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான், குத்து மட்டும் இல்லை. சென்சார் அளப்பது தோலுக்கு அடியில் உள்ள திசுநீரை. ரத்தத்தைவிட அது சில நிமிடங்கள் பின்தங்கியே இருக்கும். போனில் கோடு கொஞ்சம் நெளிந்தாலே பயந்து சாப்பாட்டை ஒதுக்கும் பழக்கம் சிலருக்கு வந்துவிடுகிறது. சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், அது நோய் இல்லாதவர்களுக்கும் ஏறும்.

உடனே கவனிக்க வேண்டியவை

எண் 70-க்குக் கீழே போனால், அல்லது கை நடுங்கி, வேர்த்து, படபடப்பு வந்தால், 15 கிராம் குளுக்கோஸ் அல்லது ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். அரை கப் பழச்சாறும் சரி. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. அகார்போஸ், வோக்ளிபோஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் வேண்டும். சாக்லேட் யாருக்குமே சரிவராது, அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்திவிடும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் அவசர உதவிக்குக் கூப்பிடுங்கள். எண் 300-க்கு மேல் அடுத்தடுத்து வந்தாலும், உயர்ந்த எண்ணோடு வாந்தியோ மூச்சு வாங்குவதோ இருந்தாலும் வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது

நோட்டை எடுத்துச் செல்லுங்கள். நூறு எண்களைக் காட்டுவதைவிட ‘காலைச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் 70, 80 ஏறுகிறது, அளவைக் குறைத்தும் இறங்கவில்லை’ என்று இரண்டு வரியில் சொன்னால் அவருக்கு வேலை சுலபம். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையையும் அதோடு வைத்துப் பார்ப்பார். அதில் 7 சதவீதம் என்றால் சராசரி ஏறக்குறைய 154. உங்கள் நோட்டில் எல்லாம் 130-க்குள் இருக்க, ஹெச்பிஏ1சி மட்டும் 8 காட்டினால், ஏறும் நேரத்தை நீங்கள் பார்க்காமல் விட்டிருக்கலாம். இதுவரை தொடாத வேளையில் ஜோடி எடுங்கள். ரத்தசோகை இருப்பவர்களுக்கு ஹெச்பிஏ1சியே தவறாகக் காட்டக்கூடும் என்பதால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆய்வகத்துக்கு ரத்தம் கொடுக்கப் போகும் அன்று மீட்டரையும் கொண்டுபோய், ரத்தம் எடுத்த உடனே விரலில் ஒன்று குத்திப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வக எண்ணுக்கும் அதற்கும் 15 சதவீதத்துக்குள் வித்தியாசம் என்றால் மீட்டர் சரியாக இருக்கிறது. இதை வெறும் வயிற்றில்தான் செய்ய வேண்டும். சாப்பிட்ட பின் விரல் ரத்தத்தில் சர்க்கரை, முழங்கை மடிப்பில் எடுக்கும் ரத்தத்தில் உள்ளதைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும். அப்போது ஒப்பிட்டால் நல்ல மீட்டரைச் சந்தேகப்பட வேண்டிவரும்.